பொய் சொல்லாத வெண்கவசன்

மருந்துக்கடையில் அவருக்கு உள்ளபடியார் என்று பெயர். எதைக் கேட்டாலும் "உள்ளபடி சொன்னா..." என்றுதான் வாயைத் திறப்பார். இருமலுக்கு விலை கூடிய டானிக் கேட்டு வருகிறவரிடம், "உள்ளபடி சொன்னா இது வெறும் சர்க்கரைத் தண்ணிங்க. வெந்நீர் குடிச்சுட்டுப் படுங்க, தானா போயிடும்" என்பார். கல்லாவில் இருக்கும் முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "யோவ், நீ கடைக்கு வேலை பாக்குறியா, இருமலுக்கு வேலை பாக்குறியா?" ஆனாலும் அவரை விட மனம் வராது. கைக்குழந்தையோடு வரும் பெண்கள் மற்ற ஆட்கள் சும்மா நின்றாலும், உள்ளபடியார் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கவரில் 'காலை, இரவு' என்று எழுதித் தரும்வரை காத்திருந்து வாங்கிப் போவார்கள்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். அவர் தன் ஒரே தங்கைக்கு ஒரு பொய்கூடச் சொல்லாமல் நடத்தினார். பெண் பார்க்க வந்தவர்களிடம், "கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. சமையல் சுமார். படம் போட உட்கார்ந்துட்டா கூப்பிட்டாலும் காதுல விழாது" என்று அடுக்கினார். உள்ளே தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பையனைப் பற்றி ஒரே வார்த்தை சொன்னார்கள்: "தங்கம்." தன்னைப் போலத்தான் ஊரும் என்று நினைக்கிறவர், அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

விடுமுறை நாட்களில் வழிபாட்டு மன்றத்தின் மாடி அறையில் இளைஞர்களுக்கு நன்னெறி வகுப்பு எடுப்பதும் அவர்தான். நெடுநாள் அந்த அறையில் ஆட்களைவிட நாற்காலிகள் அதிகம். கல்லூரியில் படிக்கும் அவர் மகள்தான் வழி சொன்னாள்.

"அப்பா, நீ பொறுமை, வாய்மைன்னு போர்டுல எழுதினா யாரும் வரமாட்டாங்க. இதை வச்சுப் பேசு" என்று தன் மேசையிலிருந்து நாலைந்து காமிக்ஸ் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தாள். 'புள்ளி' என்ற புனைபெயரில் யாரோ வரைந்து எழுதும் தொடர் அது. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அதில் மூன்று வீரர்கள். வெண்கவசன் மலையைத் தூக்குவான், நெருப்பில் நடப்பான். ஆனால் ஒரு பொய் சொன்னால் அவன் மேலிருக்கும் ஒளிக்கவசம் உடைந்துவிடும். தராசுக்காரி தலையை எண்ணிப் பார்த்து, பத்துப் பேர் பிழைக்க ஒருவனை விடலாம் என்றால் விட்டுவிடுவாள். சாம்பல் நரிக்குச் சக்தி என்று ஒன்றும் கிடையாது. வாய்தான். கெட்டவனிடம் வாய் கூசாமல் புளுகி, மாட்டிக்கொண்டவர்களை மீட்டுக்கொண்டு போவான்.

உள்ளபடியாருக்கு வெண்கவசனைப் பார்த்ததும் கண்ணாடி பார்த்தது போலிருந்தது. வகுப்பு களைகட்டியது. மாடிப்படியில்கூட உட்கார்ந்து கேட்டார்கள். கொலை செய்யத் துரத்தி வருகிறவன் கேட்டால்கூடப் பொய் கூடாது என்று எழுதிய மேல்நாட்டு ஞானி ஒருவரைப் பற்றி அவர் எங்கோ படித்திருந்தார். அதையும் வேதத்தையும் சேர்த்துப் பிசைந்து பேசினார்.

"பொய் சொல்லாதேன்னு கடவுள் சொன்னாரே, அதுக்குக் கீழ சின்ன எழுத்துல 'நல்ல காரணம் இருந்தாத் தவிர'ன்னு போட்டிருக்கா? தராசுக்காரி கடவுள் வேலையைத் தன் கையில எடுத்துக்குறா. நரி பிசாசு வேலையை நல்ல பேர்ல செய்யுறான். வெண்கவசன் மட்டும்தான் தன் வேலையைச் செய்யுறான்."

நர்ஸிங் படிக்கும் பெண் ஒருத்தி விடமாட்டாள். "அப்போ நரி காப்பாத்தின ஆளுங்க, ஐயா? அவங்க உயிரோட இருக்குறதும் பிசாசு வேலையா?"

"நீ பலனைப் பாக்குற. நான் செயலைப் பாக்குறேன். ஒரு பொய்க்குக் கதவைத் திறந்துவிட்டா, பின்னாடி வர்ற ஒம்பதை எந்தக் கதவை வச்சு அடைப்ப?"

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று வீட்டுக்குப் போகும்போது உள்ளபடியாரின் செருப்பு தரையில் பாவவில்லை.

அடுத்த வகுப்புக்கு அந்தப் பெண் புது இதழோடு வந்தாள். "ஐயா, இதைப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று அவர் முன்னால் விரித்து வைத்து, பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

கதையில், அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி ஒருத்தி ஒளிந்திருக்கிறாள். அவள் இருக்கும் இடம் வெண்கவசனுக்கு மட்டும் தெரியும். கோட்டை வாசலில் அந்தக் கணவன் வந்து நிற்கிறான். சட்டையை நன்றாக மடித்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு, பணிவாக.

"அவ எங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"சரி, இடம் சொல்ல வேணாம். ஒண்ணே ஒண்ணு மட்டும். அந்த டீச்சர் வீட்டுலயா?"

அடுத்த கட்டத்தில் பேச்சே இல்லை. வெண்கவசனின் கை மட்டும் பெரிதாக வரையப்பட்டிருந்தது. வலது கட்டைவிரல் இடது உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த கட்டத்தில் ஒரே சொல்: "ஆமா." கடைசிக் கட்டத்தில் ஒளிந்திருந்தவள் எலும்பு முறிந்து கிடந்தாள்.

உள்ளபடியார் குனிந்து பார்த்தார். மேசைக்கு அடியில் அவருடைய வலது கட்டைவிரலும் வழக்கம்போல இடது உள்ளங்கையில்தான் இருந்தது.

உண்மையில் அது கோட்டை வாசலில் நடக்கவில்லை; மருந்துக்கடையில் நடந்தது. சில வருடங்களுக்கு முன்னால் தங்கை, புருஷன் வீட்டை விட்டு வெளியேறி, தோழியான ஒரு டீச்சர் வீட்டில் தங்கியிருந்தாள். அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை கடைக்கு வந்து, "மச்சான்..." என்று மெதுவாகக் கேட்டான். அவர் சொல்ல மாட்டேன் என்றுதான் முதலில் நின்றார். டீச்சர் வீடா என்று கேட்டபோது, பேசாமல் இருந்தாலே ஆமாம் என்றாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. 'இல்லை' என்று ஒரு சொல் வேண்டியிருந்தது. அந்தச் சொல் பொய். அவர் 'ஆமா' என்றார். அன்றே அவன் அந்த வீட்டு மாடிப்படியில் தங்கையை இழுத்துத் தள்ளினான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. "உங்கண்ணன் வாயாலதான் கேட்டேன்" என்று, கேட்டதையும் சொன்னதையும் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிச் சொல்லித்தான் தள்ளினானாம். ஆஸ்பத்திரிக்கு ஓடிய அண்ணனிடம் அவள் அழவில்லை. "நீ பொய் சொல்லலண்ணா. நிம்மதியா இரு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டு அவிழ்ப்பதற்குள் ஊரைவிட்டே போய்விட்டாள்.

மனைவி கேட்டபோது, "நான் சொல்லாட்டியும் அவனே கண்டுபிடிச்சிருப்பான்" என்றார் அவர். அப்புறம் அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை.

"என்ன ஐயா, சொல்லுங்க" என்றாள் நர்ஸிங் பெண். "வெண்கவசன் செஞ்சது சரியா?"

அறை முழுவதும் அவர் வாயைப் பார்த்தது. எழுந்து போயிருக்கலாம். தலை வலிக்கிறது என்றிருக்கலாம், அது உண்மையும்கூட. அவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் செய்ததற்கே வக்காலத்து வாங்கினார்.

"சரிதான். அவன் பொய் சொல்லல. அடிச்ச பாவம் அடிச்சவனோடது. இவன் மேல ஒரு கறையும் இல்ல."

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெண் புத்தகத்தை மூடினாள். "கறை இல்லதான் ஐயா. எலும்பு முறிஞ்சது அவளுக்குத்தானே" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் மகளின் அறை வாசலில் நின்றார். "புள்ளிங்கிறது யாரும்மா?"

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். "அத்தை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மாசத்துக்கு ஒருதரம் போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன்."

"லைப்ரரி போறேன், தோழி வீட்டுக்குப் போறேன்னு சொன்னதெல்லாம்?"

"அதெல்லாம் அங்கதான்ப்பா. அம்மாவுக்குத் தெரியும்."

அவர் அறைக்குள் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வாய்மை வாய்மை என்று ஊருக்கெல்லாம் ஊதிக்கொண்டிருந்தவரின் வீட்டில், சோற்றுத் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே வருடக்கணக்காக ஒரு பொய் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது.

"எங்கிட்ட ஏன்மா சொல்லல?"

"யாராவது கேட்டா நீ சொல்லிடுவியேப்பா."

அதைக் குத்திக்காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. மழை வந்தால் துணி நனையும் என்பது போலச் சொன்னாள். அதுதான் அவரை அறுத்தது. தங்கையிடம் ஒரு முறை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"அவ எங்க இருக்கான்னு சொல்லு. நான் ஒருதரம் போயி..."

"தெரியாதுப்பா" என்றாள் மகள், அவர் கண்ணை நேராகப் பார்த்தே.

இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும். பிறந்ததிலிருந்து மகள் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரு பொய்யையும் அவர் கண்டிக்காமல் விட்டதில்லை. அன்று, "சரிம்மா" என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். சமையலறையில் மனைவி குழாயைத் திறந்துவிட்டபடி, கழுவுவதற்கு ஒன்றுமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் மொண்டு குடித்தார்.

அதற்குப் பிறகு வந்த வகுப்பில் அவர் வேறு ஒன்றும் பேசவில்லை. "போன தடவை நான் தப்பாச் சொன்னேன். அந்த வெண்கவசன் மாதிரி ஒரு ஆளு நிஜத்துலயும் இருக்கான். அது நான்தான்" என்று ஆரம்பித்து, கடையில் நடந்ததை நடந்தபடி சொல்லி முடித்தார். ஆறுதல் சொல்வார்கள் என்று மனதின் ஒரு மூலை எதிர்பார்த்திருக்கிறது. யாரும் சொல்லாதபோதுதான் அது அவருக்கே தெரிந்தது. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார். முன்வரிசைப் பையன் ஒருவன் மட்டும் எழுந்து, "ஆனாலும் ஐயா, ஒரு பொய்க்குக் கதவைத் திறந்தா மத்த ஒம்பதும் வரும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று வாதாடினான். அவருடைய வாதமேதான், அவரைவிட நன்றாகப் பேசினான். "இனிமே வகுப்பை நீ நடத்தும்மா" என்று நர்ஸிங் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

காமிக்ஸ் பரவப் பரவ, அதை வரைவது அவர் தங்கைதானோ என்ற பேச்சும் பரவியது. கூட்டம் குறைந்த ஒரு பிற்பகலில் மாப்பிள்ளை மறுபடியும் மருந்துக்கடைக்கு வந்தான். முடி நரைத்திருந்தது. சட்டை மடிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"மச்சான், நல்லாருக்கீங்களா? அவ எங்கே இருக்கா? பழசையெல்லாம் பேச வரல. சும்மா பாக்கணும், அவ்வளவுதான்."

"தெரியாது" என்றார் உள்ளபடியார்.

சொல்லும்போதே அவருக்கு உறைத்தது: அது உண்மை. பொய் சொல்லத் தயாராக நின்றவருக்குப் பொய் சொல்லும் தகுதியைக்கூட மகள் தரவில்லை. அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவன் நகரவில்லை. "இந்த ஊருக்குப் பக்கத்துலதான் இருக்கான்னு சொல்றாங்களே?" என்று கல்லாமேசை மேல் சாய்ந்தான். அத்தையைப் பார்க்கப் போகிற நாளில் மகள் காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவாள். அப்படியானால் பக்கத்தில்தான் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"இல்ல மாப்பிள்ளை. அவ வெளிநாடு போயி ரொம்ப நாளாச்சு. அங்கேயே தங்கிட்டா" என்றார்.

அவன் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. "நீங்க சொன்னாச் சரி மச்சான். உங்க வாயில பொய் வராது" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னய்யா, வேர்த்துக் கொட்டுது?"

உள்ளபடியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பயம் இல்லை, பாவம் செய்த நடுக்கமும் இல்லை. வானம் இடிந்து விழவில்லை, நாக்கு அழுகிவிடவில்லை. ஊசி போடும் நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா? இவ்வளவு சுலபமான ஒன்றை வைத்துக்கொண்டா அன்றைக்குக் கஞ்சத்தனம் பண்ணினேன்? பெற்றோர் போனபின் தன் கையால் வளர்த்த தங்கைக்கு, இந்த அரை வரியைத் தர மனமில்லாமலா நின்றேன்? மாத்திரை அட்டைகளுக்கு இடையில் தலையைக் குனிந்துகொண்டு, ஒழுங்காக இருந்தவற்றையே மறுபடி மறுபடி அடுக்கினார்.

அன்று வீட்டில் மகளிடம் மட்டும் சொன்னார். அவள் முழுதும் கேட்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வந்து அதை அவரிடம் நீட்டினாள். "அத்தை. ரெண்டு நிமிஷம்தான் பேசுவாங்க."

"அண்ணா" என்றது குரல்.

"ம்" என்றார் அவர்.

"வெளிநாடாம்ல நான்? எந்த நாடுன்னாவது யோசிச்சுவச்சியா?" மெல்லச் சிரித்தாள். "மன்னிச்சுட்டேன்னெல்லாம் நினைச்சுக்காத. தோளு இன்னும் குளிருக்கு வலிக்குது."

"இருக்கட்டும்மா. மன்னிக்க வேணாம்."

"அந்தப் படம் உன்னை அவமானப்படுத்தப் போட்டதில்ல. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் பக்கம் எங்கோ ஒரு ஒலிபெருக்கி கரகரத்து, அடுத்து வரும் ரயில் நிற்கும் ஊர்களைப் படிக்கத் தொடங்கியது. உள்ளபடியார் சட்டென்று போனைக் காதிலிருந்து எடுத்து, கை நீளும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அந்த அறிவிப்பு முடியும்வரை அப்படியே நின்றார்.