மீன் டாக்டர் தண்ணீருக்குள் போனார்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு மீன் டாக்டர் என்று எப்படிப் பேர் வந்தது என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் கடைச் சுவரைத்தான் காட்டுவார்கள். கதவுக்கு நேர் எதிரே ஒரு பெரிய படம் தொங்கும். கடலடிப் பவளப்பாறையும் அதைச் சுற்றி மீன்களும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ லென்ஸ் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. புதுக் கண்ணாடியை வாடிக்கையாளர் காதில் மாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"எத்தனை மீன் தெரியுது?"

மொத்தம் பத்தொன்பது. கடைசி மீன் பாறை இடுக்கில் பாதி உடம்பை ஒளித்துக்கொண்டிருக்கும் மஞ்சள் பொடியன். பவர் கொஞ்சம் பிசகினாலும் அது கண்ணில் படாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய வாடிக்கையாளர்கள் கணக்கை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். மாட்டிய மறு நொடியே "பத்தொம்பது சார், நல்லா இருக்கு" என்று எழுந்துவிடுவார்கள். அவரிடம் அந்தப் பாச்சா பலிக்காது. "உக்காருங்க, கேட்டவுடனே பதில் சொல்றவங்களுக்கு இன்னும் சரியாத் தெரியலன்னு அர்த்தம்" என்று மறுபடி லென்ஸைக் கழற்றுவார். சரியான கண்ணாடி அமைந்தவர்கள் கேள்வியையே மறந்துவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். வாய் பாதி திறந்தபடி படத்தைப் பார்ப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள், தங்கள் கைரேகையைப் பார்ப்பார்கள். அவர்களுக்குத்தான் அவர் பில் போடுவார்.

ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்தவருக்குச் சொந்தப் பார்வை மைனஸ் எட்டு. கண்ணாடியைக் கழற்றினால் சாப்பாட்டுத் தட்டுக்கும் கைக்குட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. குளிக்கும்போதுகூட சோப்பைத் தடவித்தான் தேட வேண்டும். கடலுக்குப் போன நாலைந்து தடவையும் கண்ணாடியை மனைவி கையில் கொடுத்துவிட்டு, எதிரில் வெள்ளையாக நகர்வது அலையா ஆளா என்று தெரியாமல் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டுத் திரும்பியவர் அவர். ஐம்பத்து மூன்று வயதில், உடம்பு நனைந்திருக்கும்போது எதையும் தெளிவாகப் பார்த்ததே கிடையாது. தினமும் பத்துப் பேரை அந்த மீன்களை எண்ணச் சொன்னவருக்கு, உயிருள்ள மீன்களுக்கு நடுவே ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

மகள் வேலை பார்க்கிற இடத்தில் பரிசாக ஒரு தீவு ரிசார்ட்டில் மூன்று நாள் தங்கும் சீட்டு கொடுத்தார்கள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "அப்பா, நீயும் அம்மாவும் போயிட்டு வாங்க. சும்மா சாப்பிட்டுத் தூங்குங்க, போதும்" என்றாள். அவர் அன்றைக்கே மருந்துச் சீட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் 'ஸ்கூபா: சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

அடுத்த ஒரு மாசம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விவரம் தேடினார். ரிசார்ட்டின் சொந்த ஸ்கூபாவில் ஒரு ஆளுக்குக் கேட்கிற காசில், படகுத்துறை பக்கம் இருக்கும் சின்னக் கடையில் இரண்டு பேர் இறங்கலாம். படகில் போனால் எண்ணெய்ச் செலவையும் நம் தலையில் கட்டுவார்கள். கரையிலிருந்தே நடந்து இறங்கினால் அது மிச்சம். வார நடுவில் காலை முதல் ஆளாகப் போனால் இன்னும் குறையும். முதல் தடவை இறங்குகிறவர்களுக்குச் சான்றிதழ் வேண்டாம், நீச்சல்கூட வேண்டாம், பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொள்வார். சளி பிடித்திருந்தால் கூடாது. முழுக்கை பனியன், துண்டு, தண்ணீர்ப் பாட்டில் நாமே கொண்டுபோனால் அங்கே வாடகை கிடையாது. மருந்துச் சீட்டு ஒன்று ஏழானது.

மனைவி பஸ் நிலைய விசாரணைக் கவுன்ட்டரில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவர். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஏழு சீட்டையும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எதுக்கு ரெண்டு பேருக்குப் போட்டிருக்கீங்க?"

"நீயும்தான் வர்ற."

"எனக்குத் தண்ணின்னா பயம்."

"அப்ப நான் மட்டும் போறேன்."

மனைவி சீட்டுகளை மறுபடி வாங்கிப் புரட்டினார். "உங்களை உள்ள அனுப்பிட்டுக் கரையில உக்காந்து கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்க என்னால முடியாது. நீங்க இறங்கினா இறங்குறேன். நீங்க இல்லன்னா இல்ல."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தீவில் இறங்கிய மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் ரிசார்ட்டின் பின்வாசல் வழியாகக் கடற்கரையோரமாகவே நடந்து அந்தச் சின்னக் கடைக்குப் போனார்கள். அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர் நடத்துகிற கடை. வாசலில் ரப்பர் உடுப்புகள் கொடியில் காய்ந்தன, சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. அவர் ஏழு சீட்டையும் மேசைமேல் பரப்ப, அக்கா சிரித்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நாளைக் காலை எட்டு மணி என்று முடிவாயிற்று. அளவு பார்க்க, கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்கை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கிக் கண்ணாடிக்கு மேலேயே வைத்து அழுத்தினார்.

"சார், கண்ணாடியைக் கழட்டிட்டுப் போடணும்."

"கழட்டிட்டா? கழட்டிட்டு என்னத்தைம்மா பாக்குறது?"

"மாஸ்க் முகத்தோட ஒட்டி இருக்கணும் சார். நடுவுல கண்ணாடிக் காம்பு வந்தா அந்த வழியா தண்ணி பூந்துரும்."

அவர் அப்படியே நின்றுவிட்டார். ஏழு சீட்டில் துண்டு வரை எழுதியவர் இதைக் கோட்டை விட்டுவிட்டார். அதற்கும் ஒரு காரணம் உண்டு, அது வேறு யாருக்கும் வராத காரணம். பட்டறைகளில் வெல்டிங், கடைசல் வேலை பார்ப்பவர்கள் கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொள்கிற அகலமான பாதுகாப்புக் கண்ணாடியை முப்பது வருஷமாக அவர் கடையில் விற்கிறார். விவரம் தேடியபோது படங்களில் மாஸ்க்கைப் பார்த்து, இதுவும் அந்த ஜாதிதான் என்று நினைத்துக்கொண்டார். தெரியாத ஆளாக இருந்தால் யாரையாவது விசாரித்திருப்பார். எல்லாம் தெரிந்த ஆளாகப் போனதுதான் வினை.

"பவர் வச்ச மாஸ்க்கும் இருக்கு சார்" என்றாள் அக்கா. "உங்களுக்கு எவ்வளவு?"

"எட்டு."

"எங்ககிட்ட அஞ்சு வரைக்கும்தான். அதைப் போட்டுக்கிட்டீங்கன்னா சுமாரா தெரியும்."

சுமாரா! அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன எந்த வாடிக்கையாளரையும் அவர் கடையை விட்டு வெளியே விட்டதில்லை. ஐந்தைப் போட்டுக்கொண்டு இறங்கினால் ஒரு முழத்துக்கு அப்பால் வெறும் நீலச் சாயம்தான். அதற்கா இவ்வளவு ஏற்பாடு? மனைவி பயத்தை விழுங்கிக்கொண்டு வர ஒத்துக்கொண்டதெல்லாம், இவர் மறுபடியும் முழங்கால் தண்ணீரில் நின்ற கதையாகத் திரும்பத்தானா? பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இந்த வயதில் மீனுக்காக அழுதால் நன்றாகவா இருக்கும் என்று கடலைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனைவி கவுன்ட்டரில் பேசுகிற குரலில் கேட்டார்.

"ஸ்பேர் கண்ணாடி கொண்டு வந்தீங்கல்ல?"

"பெட்டியில இருக்கு."

"நீங்க யாரு? கண்ணாடிக்கடைக்காரர்தானே?"

அவர் மெல்லத் திரும்பி, மேசைமேல் கிடந்த மாஸ்க்கைப் பார்த்தார். இரண்டு கண்ணுக்கும் தனித்தனி ஜன்னல். ஜன்னல் கண்ணாடி தட்டை. மைனஸ் எட்டு லென்ஸின் முன்பக்கமும் கிட்டத்தட்டத் தட்டைதான், குழிவெல்லாம் பின்பக்கம். அவர் எழுந்தார்.

"ஏம்மா, பழைய மாஸ்க் ஒண்ணு விலைக்குக் குடுப்பியா? கெட்டாலும் என் பொறுப்பு."

அன்றைக்கு மத்தியானம் ரிசார்ட் அறையில் வேலை நடந்தது. வெளியே நீச்சல் குளம், சாய்வு நாற்காலிகள், ஓசியில் பழச்சாறு. எதையும் அவர் சீந்தவில்லை. ஸ்பேர் கண்ணாடியின் ஃப்ரேமை, எப்போதும் சட்டைப்பையில் கிடக்கும் பொடி ஸ்க்ரூடிரைவரால் பிரித்து லென்ஸ்களை எடுத்தார். மூக்குப் பக்கம் இடித்த விளிம்பை மனைவியின் நகம் தேய்க்கிற அரத்தால் தேய்த்தார். வெள்ளைத் துண்டுமேல் தூள் கொட்டியது. அடுத்ததுதான் கஷ்டம். லென்ஸின் நடு, கண்ணின் கருமணிக்கு நேராக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் தலை சுற்றும். ஆயிரக்கணக்கான பேருக்கு அளந்தவர் தன் கண்ணைத் தானே அளக்க முடியாது.

சட்டைப்பையில் இருந்த ஸ்கேலை மனைவியிடம் கொடுத்தார். மாஸ்க்கை முகத்தில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார்.

"என் கண்ணைப் பாரு. கருப்புக்கு நடுவுல ரெண்டு பக்கமும் ஜன்னல் மேல பேனாவால ஒரு புள்ளி வை."

"அசையாதீங்க."

"அசையல."

"கண்ணு அசையுது."

"நீ பக்கத்துல வந்தா அசையத்தான் செய்யும்."

"ஐம்பத்து மூணு வயசுக்கு நல்லாத்தான் பேசுறீங்க" என்று சொல்லிக்கொண்டே மனைவி இரண்டு புள்ளி வைத்தார். இரண்டு புள்ளிக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பார்த்தார்கள். அறுபத்து நாலு மில்லிமீட்டர். கடைப் பதிவேட்டில் அவர் பேருக்கு எழுதியிருந்ததும் அதேதான். அவருக்கு அப்போதே பாதி உயிர் வந்தது. லென்ஸின் ஓரத்தில் மட்டும், அக்கா கொடுத்த பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்து, உள்பக்கமாக ஒட்டி, ஜன்னலோரம் காய வைத்தார்கள். மாஸ்க் கண்ணிலிருந்து தள்ளி நிற்பதால் பவர் கொஞ்சம் குறையும். ஆனால் தண்ணீருக்குள் எல்லாம் கிட்டத்தில் வந்து தெரியும் என்று அக்கா சொல்லியிருந்தாள். சரிக்குச் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார். நம்பினார் என்றுதான் சொல்ல முடியும். ராத்திரி இரண்டு தடவை எழுந்து தடவிப் பார்த்தார்.

காலையில் அக்கா அந்த மாஸ்க்கை வாளித் தண்ணீரில் முக்கி, குலுக்கி, நகத்தால் நெம்பிப் பார்த்தாள். லென்ஸ் அசையவில்லை. "பரவால்லையே சார்" என்றாள். அவர் வாயில் காற்றுக் குழாய் இருந்ததால் பெருமைப்பட்டுப் பதில் சொல்ல வழியில்லை.

இடுப்புத் தண்ணீரில் தலையை முக்காமலே அரைமணி நேரம் மூச்சுப் பழகினார்கள். அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள், தங்கை அவர் மனைவியை. தலை தண்ணீருக்குள் போனது. போனதும் அவர் கண்டது வெறும் வெள்ளை. பசை விட்டுவிட்டதா? பவர் தப்பா? மூச்சு தாறுமாறாக ஓடியது. அக்கா மெதுவாக என்று கையால் காட்டினாள். பிறகு மாஸ்க்கின் விளிம்பைத் துளி தளர்த்திக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டு, தலையை ஆட்டி, மூக்கால் ஊதி வெளியேற்றச் சைகை காட்டினாள். கரையில் பழகியதுதான். ஊதினார். உள்ளே படிந்திருந்த ஆவி வழிந்து இறங்கியது.

முதலில் தெரிந்தது தன் கை. நனைந்த கை, ஐந்து விரல், விரலில் மயிர்க்கால் வரை. அப்புறம் மணலில் வரிவரியாக ஓடிய வெயில். அப்புறம் பாறை. அதைச் சுற்றி அவசரமே இல்லாமல் திரும்பிய மீன்கூட்டம். பக்கத்தில் தங்கையின் கையை இறுகப் பிடித்தபடி மனைவி. மாஸ்க்குக்குள் பெரிதாகத் திறந்த கண், இமை முடிகூடத் தெரிந்தது. முப்பது வருஷமாகத் தண்ணீரில் நிற்கும்போதெல்லாம் கரையிலிருக்கும் அந்த முகத்தைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார். அவர் உடம்பிலிருந்து ஒரு பாரம் கழன்றது. அப்பாடா என்று சொல்ல வாய் இல்லை. மூச்சு மட்டும் நீளமாக வந்து குமிழ் குமிழாக மேலே போனது.

இருபத்தைந்து நிமிஷம் கழித்துக் கரையேறினார்கள். சிலிண்டரைக் கழற்றியதும் மனைவி மணலிலேயே பொத்தென்று உட்கார்ந்து சிரித்தார். பயமெல்லாம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. கணவர் மாஸ்க்கைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். மனைவி ஒரு கையை இடுப்பில் வைத்து, கடைக்காரக் குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை மீன் தெரிஞ்சுது?"

அவர் கடலைப் பார்த்தார். மனைவி முகத்தைப் பார்த்தார். தண்ணீர் சொட்டுகிற தன் கையைத் திருப்பி ரேகையைப் பார்த்தார். வாய் பாதி திறந்திருந்தது.

மனைவி அக்காவிடம் திரும்பினார்.

"பவர் சரியா இருக்கு. பில் போடும்மா."