ஆறாம் வகுப்புக்கு மூன்று பள்ளிக்கூடங்கள்

என் கணவர் இறந்த பிறகு வந்த கோடை விடுமுறையில் நான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தேன். மகள் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அவர் இருந்திருந்தால் கம்பம் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, ஃபீஸுக்காக இன்னொரு நடை ஜீப் ஓட்டியிருப்பார். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறிப் போய்வருகிற ஜீப். ஒரு சாயங்காலம் இறக்கத்தில் கவிழ்ந்தது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

இனி அரசுப் பள்ளிதான் என்று ஆனது. சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரிலேயே எட்டாவது வரைக்கும் நடுநிலைப்பள்ளி இருக்கிறது. மகள் ஐந்தாவது வரை படித்ததும் அங்கேதான். அந்தத் தலைமை ஆசிரியர் ஒரு டீச்சரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். லீவு விட்டால் ஆசிரியர்கள் வீடு வீடாகப் பிள்ளை கேட்டு வருவது எங்கள் பக்கத்தில் வழக்கம்.

"பிள்ளைய வேற எங்கயும் கொண்டுபோயிறாதம்மா. தலை குறைஞ்சா ஒரு டீச்சரத் தூக்கி வேற ஊருக்குப் போட்டுருவாக" என்றார்.

தலையாட்டினேன். அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கும் அதே தலையாட்டல்தான்.

இரண்டாவது, பக்கத்து ஊர் உயர்நிலைப்பள்ளி. சைக்கிளில் போய்விடலாம். ஆய்வகம் இருந்தது, பூட்டியிருந்தது. கழிப்பறை திறந்திருந்தது, தண்ணீர் இல்லை. வாட்ச்மேன் எதையோ பெருமையாகக் காட்டினார். என்ன என்று இப்போது நினைவில்லை.

மூன்றாவது, கம்பத்தில் இருக்கும் பெண்கள் மேல்நிலைப்பள்ளி. அங்கே ஒரு வகுப்பில் இருக்கிற கூட்டம் எங்கள் ஊர்ப் பள்ளி மொத்தத்துக்கும் இருக்காது. கழிப்பறைக் கதவுகளில் தாழ்ப்பாள் இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நான் வேலை பார்க்கிற ஜவுளிக்கடை அங்கிருந்து நடக்கிற தூரம். இதையெல்லாம் பார்த்தேனே தவிர, நல்லது கெட்டது என்று எதுவும் மனசில் ஒட்டவில்லை. கடையில்கூடச் சேலை விரித்துக் காட்டுகிற கை வேறு, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற நான் வேறு என்று ஆகியிருந்தது.

நாத்தனாருக்கு ஊர்ப் பள்ளிதான் சரி என்று பட்டது. "மதினி, அப்பன் இல்லாத பிள்ளையப் பஸ்ஸுல ஏத்தி விடுவீகளா? இங்கன நம்ம கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

கடைசியில் மகளிடமே கேட்டேன். மூன்றையும் சொன்னேன். ஆய்வகம், தாழ்ப்பாள், பஸ், சைக்கிள் எல்லாம் சொன்னேன். அவள் எதையும் கேட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

"அங்கன எந்திரிக்கச் சொல்வாகளா?"

"எதுக்கு எந்திரிக்க?"

அப்போதுதான் சொன்னாள். அவர் இறந்து அவள் பள்ளிக்குத் திரும்பிய வாரம், உதவித்தொகைக்குப் பெயர் எடுக்க வேண்டும் என்று, "அப்பா இல்லாதவங்கல்லாம் எந்திரிங்க" என்றார்களாம். நல்லது செய்வதற்காகக் கேட்டதுதான். எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் கேட்பார்கள். நான் படித்தபோதும் கேட்டார்கள், நான் உட்கார்ந்திருந்தேன். இவள் வகுப்பில் இவள் ஒருத்திதான் எழுந்து நின்றிருக்கிறாள்.

"மத்தியானம் சத்துணவுல எனக்கு மட்டும் ரெண்டு முட்டை வச்சாக. எல்லாரும் பாத்தாக."

"தின்னியா?"

"தின்னேன்."

எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அவ்வளவுதான். கம்பம் பள்ளியில் சேர்த்தேன். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. நாத்தனார் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியர் டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பள்ளி திறந்து கொஞ்ச நாளில், சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கிக் கேட்டாகம்மா. நாலஞ்சு பேரு எந்திரிச்சாக. நான் எந்திரிக்கல."

எழுந்து நிற்காத பிள்ளைக்கு உதவித்தொகை வராது. தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். நாளைக்குப் போய் டீச்சரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை. கடையிலிருந்து எத்தனையோ தடவை அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன், உள்ளே போகவில்லை.

பிறகு பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். வகுப்பு டீச்சர் சின்ன வயசு, சிரித்த முகம். மகள் நன்றாகப் படிக்கிறாள், கணக்கில் மட்டும் அவசரப்படுகிறாள் என்றார். பேச்சோடு பேச்சாக, "அவங்க அப்பா வரலையா? ஜீப் ஓட்டுறாங்கன்னு சொன்னாளே" என்று கேட்டார்.

மகள் பெஞ்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் வெறுங்கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"தோட்டத்துக்கு ஆள் ஏத்திப் போயிருக்காக டீச்சர். சாயங்காலம் வந்துருவாக."

வாய் தடுமாறவில்லை. அவர் இருந்தவரைக்கும் யார் கேட்டாலும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். டீச்சர் தலையாட்டிவிட்டு அடுத்த பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். மகள் சந்தோஷப்பட்டிருப்பாள், அவள் பக்கம் நின்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"போயிருக்காகன்னு சொல்லும்மா. வந்துருவாகன்னு மட்டும் சொல்லாத."