கண்டக்டருக்கு வந்த காய்ச்சல்

ஆரப்பாளையத்தில் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மகளுக்குப் பள்ளி நேரமாகிவிடுமோ, நேற்றே காற்றைப் பார்த்திருக்க வேண்டுமோ என்று பதறி நின்ற என்னை, அந்தச் சூடான ரப்பர் வாசனை, எப்போதோ இடித்துவிட்ட ஒரு மாடி அறைக்குக் கொண்டுபோனது. கீழே டயர் கடை, மேலே பெரியவர்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு. பஸ் ஹாரன் அடங்கும்வரை சார் சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பதை, ஆறு வயதான நான் அம்மாவின் மேல் சாய்ந்து வேடிக்கை பார்ப்பேன். அங்கே தேர்வில் தேறினால்தான் அம்மாவுக்கு ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை.

'இஃப்' வாக்கியம் நடத்திய அன்று சார் என்னைக் காட்டி, இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போவோம் என்று ஆங்கிலத்தில் சொல்லி, எல்லோரையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை, அம்மாவும்தான்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல பச்சப்பிள்ளைய அப்படிச் சொல்லலாமா சார்?" என்றார் முன்வரிசையில் இருந்த பஸ் கண்டக்டர்.

"பரீட்சையில இதான்ணே வரும்."

"அப்பக் காய்ச்சல எனக்கு வரவையிங்க சார். லீவாச்சும் கெடைக்கும்."

சிரிப்பு அடங்கியதும் வகுப்பே கண்டக்டரின் காய்ச்சலை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னது. அவரும் சேர்ந்து சொன்னார். அம்மாவும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள், புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.