ஏரிக்குள் ஒரு பாலைவனம்

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினால் இன்றும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அந்த வாடையை முகர்ந்தவளுக்குத்தான் அது தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் விவேக் நகரில் எங்கள் வீட்டு வாசலையே அடைத்துக்கொண்டு நின்றது அண்ணனின் பக்கி, அதாவது மணலில் ஓட்டும் பந்தய வண்டி. கதவும் இல்லை, கூரையும் இல்லை. இரும்புக் குழாய்களை வளைத்து வெல்டிங் வைத்த ஒரு கூண்டு, பின்னால் பழைய கார் எஞ்சின், அவ்வளவுதான். ராஜஸ்தான் மணலில் நடக்கும் பந்தயத்தில் அதை ஓட்டியே தீருவேன் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான். மணலில் புதையாமலிருக்க அகலமான டயர், மேடு பள்ளத்தில் இடுப்பு ஒடியாமலிருக்க நீளமான ஷாக் அப்சார்பர், வழியில் பங்க் இருக்காது என்று சீட்டுக்குப் பின்னாலேயே ஒரு பெரிய பெட்ரோல் டேங்க். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல எடை குறைந்த ஆள் வேண்டுமாம். வீட்டில் ஒல்லிக்குச்சி நான்தான். அம்மா ஃபாதரை அழைத்து வண்டியை மந்திரிக்க வைத்தாள். தீர்த்தம் தெளித்த ஃபாதர் கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என் மேல் இன்னொரு தரம் தெளித்தார்.

ஞாயிறுதோறும் ஓட்டிப் பழகப் போவோம். எனக்குப் பயம்தான். ஆனால் அண்ணன் முகத்தில் ஒருநாளும் பயத்தைப் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் பெல்ட்டை மாட்டிக்கொள்வேன்.

பெங்களூரில் பாலைவனத்துக்கு எங்கே போவது? ஆனேக்கல் தாண்டி, கோடையில் வற்றிக் கிடந்த ஒரு ஏரியைக் கண்டுபிடித்தான். தரை வெடித்து, வெளுத்து, கண்ணுக்கெட்டிய வரை ஒரு புல் இல்லை. "பாத்தியா, நம்மூரு ராஜஸ்தான்!" என்று ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். ஏரி மேலேதான் காய்ந்திருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. நடுவில் முன்சக்கரம் காய்ந்த மேல்தரையை உடைத்துக்கொண்டு அடியிலிருந்த சேற்றில் இறங்கியது. வானம் காலுக்குக் கீழே போனது.

கூண்டு நசுங்கவில்லை. அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டான். ஆனால் டேங்கின் ரப்பர் குழாய் பிடுங்கிக்கொண்டு, கொதிக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகியது. ஒரு கையால் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் பெல்ட்டைக் கழற்றினான்.

"நீ மொதல்ல போடி. நான் இத புடிச்சினு இருக்கேன்."

நான் வெளியே ஊர்ந்து வந்து கத்திய கத்தலில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள். அண்ணன் வெளியே வந்து தரையில் உட்கார்ந்தான். "பயமா இருக்குடி," என்றான். கவிழ்ந்தபோது இல்லாத பீதி அப்போதுதான் என்னைப் பிடித்தது. இனி யாரை நம்பி உட்காருவது?

ஆனாலும் ராஜஸ்தான் போனோம். முதல் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. மற்ற வண்டிகள் சீறிக்கொண்டு ஏறின. அண்ணன் வண்டியை நிறுத்தி, இறங்கி, உச்சிவரை நடந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"பயமா இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு."

"எனக்கும்."

கியரைப் போட்டான். ஒவ்வொரு மேட்டிலும் இதே கதை. எங்களைத் தாண்டிப் போனவர்கள் சிரித்தார்கள். நான் முதல்முறையாக அவன் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.