ஐந்து சதவீதம் பெரிய ரயில்

எங்கள் கம்பெனியில் பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குப் பொம்மை ரயில் என்றால் உயிர். போன முறை வேலம்பாளையம் வந்தபோது, கட்டிங் மாஸ்டரான எனக்கும் அதே பைத்தியம் என்று தெரிந்து, குட்டி எஞ்சினும் சக்கரங்களும் தண்டவாளமும் ஒரு மலைக்குகையும் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டிகளை நான் செய்ய வேண்டும் என்பது பேச்சு. அந்தக் காலத்துச் சீமான்கள் படுத்துக்கொண்டே நாடு கடந்த ரயில்; நீல நிறம், பொன் வரி, சாப்பாட்டுப் பெட்டியில் மேசைக்கு மேசை விளக்கு. அளவும் எழுதித் தந்திருந்தார்.

ஆறு மாதம் பிளைவுட்டை இழைத்தேன். ஜன்னல் திரைக்கு வெட்டுத்துணி. இதற்கிடையில் ஆர்டர் குறைந்து, கட்டிங்கில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். பையர் மறுபடி வருகிறார் என்றதும் முதலாளி என்னிடம் வந்தார்.

“மாஸ்டர், ரயில் ஓடோணுமுங்க. மனுசன் சந்தோசமா இருக்கையில அடுத்த சீசன் ஆர்டரைக் கேட்டுப்போடலாம். இல்லீன்னா உங்க டேபிளை மூடறதுதானுங்க.”

அதுவரை வெறும் சக்கரங்களைத்தான் ஓட்டியிருந்தேன். பையர் வருகிற அன்று காலையில் பெட்டிகளைப் பொருத்தினேன். எஞ்சின் குகைக்குள் போனது. முதல் பெட்டி வாசலில் முட்டி நின்றது. அளந்தேன். எல்லாப் பெட்டியும் ஐந்து சதவீதம் பெரிது. துவைத்தால் துணி சுருங்கும் என்று இருபத்தைந்து வருடமாகக் கூட்டி வெட்டிய கை, பலகைக்கும் கூட்டி வெட்டியிருக்கிறது.

தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் அக்கா எட்டிப் பார்த்தார். “ஏனுங்க மாஸ்டர், ஒருக்கா வாஷ் பண்ணிப் பாக்கலாமுங்களா?”

சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் கண் பக்கெட்டைத் தேடியதை அவரிடம் சொல்லவில்லை. உப்புத்தாளால் தேய்த்தேன்; பொன் வரிதான் போனது. வியர்த்து வியர்த்து நான்தான் ஐந்து சதவீதம் சுருங்கினேன்.

பையர் வந்தார். ரயில் முட்டியது. அவர் குனிந்து பெட்டிகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினை மட்டும் குகைக்குள் அனுப்பினார். சாப்பாட்டுப் பெட்டியின் விளக்குகளை நெடுநேரம் பார்த்தார். என் தோளைத் தட்டிவிட்டு முதலாளி அறைக்குப் போனார்.

அரை மணியில் முதலாளி வெளியே வந்தார். ஆர்டர் இல்லை.

“ரயிலால இல்லீங்க மாஸ்டர். ஊருல கெளம்பறப்பவே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தாராமா.”

ரயிலால் என்றே இருந்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் தேய்த்திருப்பேன்.

இப்போது கட்டிங் டேபிள் முழுக்கத் தண்டவாளம் போட்டிருக்கிறேன். குகையை எடுத்துவிட்டேன். ரயில் நன்றாகத்தான் ஓடுகிறது. துணி விரிக்கணும், இதை நகர்த்துங்க என்று யாரும் வருவதில்லை.