பித்தப்பைக் கல் என்று சொன்னேன்

கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பு, எடையைக் குறைக்க மதுரையில் என் இரைப்பையைச் சுருக்கி ஆபரேஷன் செய்தார்கள். அதை மறைத்துத்தான் அனுமந்தன்பட்டிக்கு வாக்கப்பட்டேன். வயிற்றிலிருந்த சின்னத் தழும்புகளைப் பற்றிக் கணவர் கேட்டபோது, பித்தப்பைக் கல் எடுத்தது என்றேன். ஆயுளுக்கும் போடச் சொன்ன சத்து மாத்திரைகளையும், எதற்கு என்று யாராவது கேட்பார்களே என்று நிறுத்திவிட்டேன்.

ஏழாம் மாத ஸ்கேனுக்கு மாமியார் கூட வந்தார். டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாசத்துக்கேத்த வளர்ச்சி இல்லையேம்மா. முன்னாடி ஏதும் ஆபரேஷன் பண்ணியிருக்கா?"

அத்தை என் கையைப் பிடித்திருந்தார்.

"பித்தப்பைக் கல்லுதான் டாக்டர்," என்றேன்.

அத்தை அழுதுவிட்டார். "எம்மேலதான் தப்பும்மா. திராட்சை வெட்டுன்னு தோட்டமே கதின்னு அங்கன கெடந்துட்டேன். புள்ளத்தாச்சிக்கு நேரத்துக்கு ஆக்கிப் போடல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

எட்டாம் மாதத்தில் மகள் பிறந்தாள். ஒரு கிலோகூட இல்லை. மூன்று நாள் இருந்தாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்கலாம்தான்; கேட்டால் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "வளர்ச்சி இல்லேன்னு டாக்டரம்மா அப்பவே சொன்னாக. வயிறார சோறு போடாத பாவி நாந்தான்," என்று அத்தை அழுதார்.

இப்போதும் என் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக வைத்து, "இன்னுங் கொஞ்சம் தின்னு ஆத்தா," என்கிறார். நான் மறுப்பதில்லை. முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, கொல்லைப்பக்கம் போய், அவர் காதில் விழாமல் வாந்தி எடுக்கிறேன்.