தாம்பாளத்தில் வந்த ரிவ்யூ

போன வியாழக்கிழமை எங்கள் ஆபீசில் ஒரு விநோதம் நடந்தது. கம்ப்யூட்டர் வேலை தாம்பாளத்தில் ஏறி வந்தது.

திருப்பாதிரிப்புலியூரில் ஆறே பேர் உள்ள சாஃப்ட்வேர் கம்பெனி எங்களுடையது. கல்யாண மண்டபங்களுக்கு புக்கிங் புரோகிராம் எழுதுகிறோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஓகே சொன்னால்தான் வெளியே போகும். இதற்கு ரிவ்யூ என்று பெயர். கலைச்செல்வி தன் வேலையை முடித்து, 'அனைவரும் பார்க்கவும்' என்று திங்கட்கிழமையே எல்லோருக்கும் ஒரே மெயில் தட்டிவிட்டாள்.

அனைவரும் என்றால் யார்? ஒருவரும் இல்லை என்று அர்த்தம்.

அவளுக்கோ ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் கல்யாணம். வேலை முடியாமல் லீவில் போனால் மணவறை வரை போன் துரத்தும். போன வருஷம் சேகர் தன் நலங்கின்போது டேட்டா கார்டு செருகிய லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தானே... அந்தக் கண்ராவியை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

புதன்கிழமை அந்த சேகரையே கேட்டேன், ஏன் பார்க்கவில்லை என்று.

"எல்லாருக்குந்தானே சார் அனுப்பிச்சிருக்கு. யாராச்சும் பாப்பாங்கன்னு உட்டுட்டேன்."

சீனியர் ஆனந்தன் இன்னும் ஒரு படி மேலே. "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடலையே சார்."

ஆக, விஷயம் டெக்னிக்கல் இல்லை — பத்திரிகையை நேரில் வைக்காமல் தபாலில் அனுப்பினால் வருமே, அந்தக் கோபம்! இது கலைச்செல்வி காதில் விழுந்தது. மறுநாள் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகை சகிதம் தாம்பாளத்தோடு ஒவ்வொரு மேஜையாக வந்தாள். முதல் மேஜை ஆனந்தனுடையது.

"குடும்பத்தோட வந்துருங்கண்ணா. அப்பறம், தேதி குறிக்கிற பகுதிய நீங்க பாக்கணும். அத உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன். நாலு மணிக்குள்ள சொல்லிருங்க."

மொத்த வேலையையும் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்து வைத்திருந்தாள் மகராசி. குங்குமம் எடுத்துக்கொண்டவன் எந்த வாயால் முடியாது என்பான்?

ஆனந்தன் மூன்று மணிக்கே எழுந்து வந்தார்.

"ஏம்மா, ஒரே மண்டபத்த ஒரே முகூர்த்தத்துக்கு ரெண்டு வீட்டுக்குக் குடுக்குதே இது?"

ஒரு மணவறை, இரண்டு மாப்பிள்ளை... நினைத்துப் பாருங்கள்.

கலைச்செல்வி அவரை முறைத்தாள். "இத திங்கக்கெழமையே சொல்லியிருந்தா இன்னேரம் கையில மருதாணி வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

திட்டிக்கொண்டே திருத்தினாள். ஆனந்தன் பக்கத்திலேயே நின்று மறுபடி பார்த்து ஓகே சொன்னார். மற்றவர்களின் ஓகேயும் நாலு மணிக்குள் வந்து சேர்ந்தது. சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஆபீசே ஆஜர். தாலி ஏறும்வரை மணப்பெண்ணின் போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை.

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய அட்சதை உண்டா, சொல்லுங்கள்?